ஞாயிற்றுக்கிழமைப் பாதிரி

நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு யென். கடன் வாங்கிய செல்லையா எட்டு மாதமாகச் சவரிமுத்துவின் கண்ணில் படவில்லை. கப்பல் பட்டறையில் வெல்டரான சவரிமுத்து, ஞாயிறுதோறும் ஜப்பான் ஓட்டல் ஒன்றில் கல்யாணம் நடத்திவைக்கும் பாதிரியாக வேடம் போடுவார். கும்பிடுவது வேறு சாமியானாலும், அங்கி போட்ட வெளிநாட்டான் வந்து, அவன் பாஷையில் நாலு வார்த்தை ஜெபித்தால்தான் அங்கே கல்யாணம் களைகட்டும். அன்று புத்தகத்தோடு நிமிர்ந்தால், மாப்பிள்ளைக் கோலத்தில் செல்லையா. பக்கத்தில் ஜப்பான் பெண்.

சவரிமுத்து ஜெபம் சொல்லும் ராகத்தில் ஆரம்பித்தார்.

"போனை ஏம்ல எடுக்கல?"

பெண்வீட்டார் பக்தியோடு தலை குனிந்தார்கள்.

"கையில காசில்லண்ணே," செல்லையாவும் அதே ராகத்தில் இழுத்தான். "இவங்ககிட்ட சொல்லிராதீங்க. கடன்காரன்னு தெரிஞ்சா இவ அப்பா எந்திரிச்சிப் போயிருவாரு."

"ஊர்லருந்து யாருல வந்திருக்கா?"

"நீங்கதான்."

சவரிமுத்து பார்த்தார். மாப்பிள்ளை பக்கத்துப் பெஞ்சுகளில் ஓர் ஆள்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் மைக் பிடித்து மொய் வாசிப்பவரைப் போலக் குரலை உயர்த்தினார்.

"மணப்பாடு சவரிமுத்து, மாப்பிள்ளைக்கு அண்ணன் முறை, மொய் நாப்பத்து மூவாயிரத்து ஐநூறு."

"ஆமென்" என்றார்கள் பெண்வீட்டார்.