ஒரு மீட்டர் இடைவெளி

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில், கத்தரிக்காய்ப் பெட்டியைச் சுமந்தபடி முழங்கால் உயர ரோபோ நடுவழியில் நிற்கிறது. ஒரு மீட்டருக்குள் ஆள் வந்தால் நிற்கும்படி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அதைப் பழக்கியவள் ஜாய்தான். இந்தச் சந்தையில் அவ்வளவு காலியிடத்தை யார் கண்டது? மூன்று நாளாக ஒருமுறைகூட அது, பெட்டியைக் கொண்டுசேர்க்க வேண்டிய டெம்போவரை போகவில்லை. சோதனைக்கு இன்றே கடைசி நாள். “தயவுசெய்து விலகுங்கள்” என்று அது கெஞ்சக் கெஞ்ச, வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர் நெருங்குகிறார்கள். யாரோ அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போடுகிறார். “தள்ளி நில்லுங்க அண்ணாச்சி!” கத்திக் கத்தி ஜாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது. வழி அடைபட்டுப் பொறுமையிழந்த சுமைதூக்கி அய்யாக்குட்டி கேட்கிறார்: “எங்கனம்மா போணும் இது?” “டெம்போவுக்கு. ஆனா அதுவாத்தான்...” அவள் முடிப்பதற்குள் பெட்டியோடு ரோபோ அவர் தலைக்கு ஏறிவிடுகிறது. “ஏலே, ஒதுங்குலே!” கூட்டம் சட்டென்று விலகுகிறது. பக்கத்தில் ஆளே இல்லை என்று கண்ட ரோபோ, அவர் தலைமேல் உற்சாகமாகச் சக்கரங்களைச் சுழற்றுகிறது.