பெரகலத் துரை

"அண்ணே, தொர வந்துட்டாரு!" என்று கத்தினான் றிஸாத்.

ஏலம் முடிய இன்னும் மூன்று நிமிடம். புவனேந்திரன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தான். பதினெட்டாயிரத்தில் நொண்டிக்கொண்டிருந்த அவன் தையல் மிஷின், ஒரே தாவலில் இருபத்தையாயிரத்துக்கு வந்திருந்தது. கேட்டிருப்பது, தன் முகத்துக்குப் பதில் பழைய மோட்டார் கார் படம் போட்ட, அவன் சாமானையெல்லாம் வாங்கும் அதே ஆள்.

பதுளை பஸாரில் றிஸாத்தின் சின்ன போன் ரிப்பேர் கடை அது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் அங்கே உட்கார்ந்து, ஒன்லைன் ஏலத்தில் எவன் சாமான் என்ன விலைக்குப் போனது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிட என்ன இருக்கிறது, றிஸாத் பக்கம் எப்போதும் முட்டைதான்.

"நானும் பித்தளக் குடம் போட்டேன் அண்ணே. ஒங்க குடத்தவிட புதுசு, வெலயும் பாதி. வெள்ளத் துணி விரிச்சி, லைட் அடிச்சி போட்டோ எடுத்தேன். ஒரு நாய் திரும்பிப் பாக்கல்ல!"

"துணியில வச்சா கடச் சாமான் மாதிரி தெரியும் தம்பி. லயத்து வாசல்ல வச்சு வெயில் சாயறப்ப எடுக்கணும். நெளிசல் இருந்தா நெளிசல்னே எழுதணும். ஆரம்ப வெலய கொறச்சுப் போட்டு, ஞாயித்துக்கெழம முடியிற மாதிரி வைக்கணும்."

பெரிய வாத்தியார் போலத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அலுத்துவிட்டது.

"அதெல்லாம் செஞ்சாச்சு. ஒங்களுக்கு தொர இருக்காரு, எனக்கு இல்ல, அவ்வளவுதான்."

துரை என்பது இவர்களாக வைத்த பேர். யாரோ கொழும்புப் பணக்காரன், பழைய சாமான் பைத்தியம், பெரகலப் பக்கம் பங்களா கட்டுகிறான் என்பது றிஸாத்தின் கணிப்பு. வாங்கியதையெல்லாம் அனுப்பச் சொன்னது பெரகல சந்தியில் லரீபா என்பவரின் கடை விலாசத்துக்கு. லயம் என்ற தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களும் இப்படிக் கடை விலாசம்தான் கொடுப்பார்கள். லயத்துக்கு ஏது இலக்கம்? தோட்டத்துக்கு வரும் தபால் கைக்குக் கிடைப்பதற்குள் பழுத்துவிடும் என்று புவனேந்திரனே றிஸாத் கடை விலாசத்தைத்தான் கொடுப்பான். அதனால் அவனுக்கு இதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் மலையில் வழுக்கி விழுந்து அவன் முழங்கால் போனது. கூடவே வேலையும் போனது. கொஸ்லந்தையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவன் மனைவி விஜயலெட்சுமி, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீ அனுப்புற காசுல ஒரு வாய் சோறு தின்னா நான் மனுசனே இல்ல!" என்றான். லயமே வெளியே வந்து கேட்டது.

சொன்னபடியே நின்றான். அவள் முதல் இரண்டு மாதம் அனுப்பிய காசை அப்படியே அவள் தாய் வீட்டுக்குத் திருப்பிவிட்டான். பிறகு அவளும் அனுப்பவில்லை. போனில் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பாள். "என் கையால சம்பாரிச்சு சாப்பிட்டேன்" என்பான்.

சம்பாத்தியம் என்ன, வீட்டில் இருந்ததுதான் ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போனது. பித்தளைக் குடம், பெட்ரோமாக்ஸ், இடியப்ப உரல், சுவர் மணிக்கூடு. கடைசியில் மிச்சம் இருந்தது அவளுடைய கை மிஷின். அதைப் படம் எடுத்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மிஷினா வீம்பா என்று வந்தபோது வீம்புதான் வென்றது.

ஏல நேரம் முடிந்தது. மிஷின் துரைக்கே விழுந்தது.

"இதுக்கு மேல விக்க ஒன்னுமில்ல தம்பி" என்றான் புவனேந்திரன்.

"தபால்ல போடாம நேர்ல கொண்டு போங்க அண்ணே. பங்களா காவலுக்கு ஒரு வாச்சர் தேவப்படும். தொரயப் பாத்து கேளுங்க."

புதன்கிழமை அவன் மிஷினைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, காலை இழுத்து இழுத்துப் பெரகல சந்தியில் இறங்கினான். வேலை கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் அவள் காசுக்குக் கை நீட்ட வேண்டியதுதான். அந்த நினைப்பே சாக்கைவிடக் கனத்தது.

கடையில் முக்காடு போட்ட நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். லரீபா அவள்தான்.

"தெமோதரையில இருந்து சாமான் வந்திருக்குங்க."

"இவ்வளவு தூரம் கூலிக்கா தூக்கிட்டு வந்தீங்க? பாவமே!"

விற்றவனே சுமந்து வந்தான் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. "ஆமாங்க" என்றான்.

அவள் பின்னறையைத் திறந்தாள். குடம், பெட்ரோமாக்ஸ், உரல், மணிக்கூடு, எல்லாம் பழைய சேலைத் துணியால் மூடி வரிசையாக இருந்தன. ஒன்றைக்கூடத் துரை எடுத்துப் போகவில்லை.

"தொர எப்பங்க வருவாரு? ஒரு வேல விசயமா பேசணும்."

"எந்தத் தொர?" லரீபா சிரித்தாள். "இதெல்லாம் குவைத்துல வீட்டு வேல செய்ற நம்ம கொஸ்லந்தப் புள்ள வாங்கிச் சேக்கிறது. வெளிய சொல்லிராதீங்க, அவ புருசன் காதுக்குப் போகக்கூடாதாம்."

புவனேந்திரன் சாக்கை இறக்கி வைத்தான். ஆனால் மிஷின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"ஏன்... ஏங்க போகக்கூடாது?"

"அவ காசுல ஒரு வாய் சோறு திங்க மாட்டாராம், அந்த மனுசன்!"