சன்னலோர சீட்டு

குளத்தூரில் அருள்தாஸ் வீட்டில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அடைக்கலமேரிக்கு அவர் விடாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"திருச்சியில ஏறுனா துபாய் நாலு மணி நேரம். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டரு. பயப்படாத."

"சரிங்க."

"மேல போகயில காது அடைக்கும். புளிப்பு மிட்டாய் ரெண்டு கைப்பையில போட்டுக்க. எறங்குனதும் வாட்ச்ச ஒன்றரை மணி நேரம் பின்னால திருப்பி வைக்கணும். மறந்துறாத."

"மறக்க மாட்டேங்க."

துபாயிலிருந்து வீடியோ காலில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள் ஷர்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா! அம்மா இங்க பதினாறு வருசம் நர்ஸா வேலை பாத்தவங்க. ஊர்ல இருந்து என்னைய வளத்தது நீங்க. நாளைக்கு மொதத் தடவையா பிளேன் ஏறப்போறதும் நீங்கதான்ப்பா!"

"எனக்குத் தெரியாதா? ஒங்கம்மா போற ஒவ்வொரு தடவையும் வாட்ச்சையே பாத்துக்கிட்டு இங்க ஒக்காந்திருந்தவன்டி நான்" என்ற அருள்தாஸ், வீறாப்புக் குறையாமல் மனைவியிடம் திரும்பினார்.

"சன்னலோர சீட்டு எனக்குத்தான். நீதான் எத்தனையோ தடவ பாத்திருப்பியே!"

அடைக்கலமேரி மடிப்பதை நிறுத்தினாள்.

"நான் எங்கங்க பாத்தேன்? ஏறி ஒக்காந்ததும் ஒங்க ரெண்டு பேரையும் நெனச்சுக் கண்ண இறுக்க மூடிக்குவேன். எறங்கும்போதுதான் தொறப்பேன்."

அருள்தாஸ் புளிப்பு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப சன்னலோரம் நீயே ஒக்காரு. இந்தத் தடவ கண்ண மூடிக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன்."