கொம்பனி ஆள் வரும்வரை

மீனம்மாவின் வயலில் இரண்டு சுற்று வெட்டியதும் நடராசாவின் புது வெட்டு மெசின் நின்றுவிட்டது.

கண்டாவளையில் காலபோக நெல் முற்றி நிற்கிற நேரம். நாளைக்குப் பின்னேரம் மழை என்று வானொலி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. மீனம்மாவுக்கு இருப்பதே அந்த மூன்று ஏக்கர்தான். நனைந்து விழுந்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். பிறகு கோழிக்குத்தான் போடலாம்.

மெக்கானிக் சுகிர்தன் வந்து பார்த்தான். எண்ணெய்ச் சூட்டைக் காட்டுகிற சின்னச் சாமான் ஒன்று பழுது. மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு ஓடிப்போய், அதே மாதிரி ஒன்று வாங்கிவந்து அரை மணித்தியாலத்தில் மாட்டிவிட்டான். சாமான் வேலை செய்தது. மெசின்தான் செய்யவில்லை. திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து நின்றன.

"என்னவாம் தம்பி?" என்றார் நடராசா.

"இது தங்கட கொம்பனிச் சாமான் இல்லையாம் அண்ணை. கொம்பனி ஆள் கொம்பியூட்டரோட வந்து திறந்துவிட்டால்தான் இனி ஸ்டார்ட் வருமாம்."

பழைய மெசினைக் கம்பியால் கட்டியே இரண்டு போகம் ஓட்டியவர்கள் இவர்கள் இருவரும். நடராசாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கொழும்பிலுள்ள கொம்பனிக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அங்கே ஒரு பிள்ளை மிகவும் பணிவாகக் கதைத்தாள்.

"வேற சாமான் போட்டால் மெசின் பழுதாப்போயிடும் சேர். அதாலதான் பூட்டி வைச்சிருக்கிறம். எல்லாம் உங்கட நன்மைக்குத்தான். மூண்டு நாள்தானே, கொஞ்சம் பொறுங்கோ."

இதற்குள் வரம்பில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆள் கூடினால் நடராசா சும்மா இருக்கமாட்டார். கமக்காரர் சங்கக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பழகிய வாய். தன் போனைச் சுகிர்தனிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மெசினுக்கு முன்னால் போய் நின்றார். மீனம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"என்ர மெசின். நான் வேர்வை சிந்தி வாங்கினது. ஆனா திறப்பு அவன்ர கையில. தன்ர சாமானைத் தவிர வேற ஒண்டும் கிட்ட வரக்கூடாதாம். இது வியாபாரமோ, அடிமைத்தனமோ? இந்தப் பிள்ளையைப் பாருங்கோ. இவளின்ர மூண்டு ஏக்கரும் மழையில போனா ஆர் பொறுப்பு? அடுத்தவன்ர அவசரத்தைப் பூட்டி வைச்சுப் பிழைக்கிறவன் மனுசனோ?"

நல்ல பேச்சு. வரம்பில் நின்றவர்கள் கை தட்டினார்கள். வீடியோவைப் பேஸ்புக்கில் போட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, நூறு பேர் பகிர்ந்துவிட்டார்கள். கனடாவிலிருந்து நடராசாவின் மச்சான், விடாதேங்கோ அத்தான் என்று எழுதியிருந்தான். நடராசா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றார்.

மீனம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். கடைசியில் மிஞ்சிக் கிடந்த பின்பக்கத்துக் காணிதான் அவர்களுக்குக் கிடைத்தது. தனக்காக ஒருவர் ஊர் பார்க்க இப்படிப் பேசி அவள் இதுவரை கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான், மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஐயா, அப்புத்துரை அண்ணனோட மெசின் மெயின் ரோட்டுல சும்மாதான் நிக்குது. கூப்பிட்டா இப்பவே வருவாங்க. நீங்க படலையை மட்டும் திறந்துவிட்டா போதும்."

நடராசா போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

மீனம்மாவின் வயலுக்கு மெசின் போக ஒரே ஒரு வழிதான். நடராசாவின் காணிக்குள்ளால் போகிற மண் பாதை. அதன் வாயில் இரும்புப் படலை, சங்கிலி, ஆமைப்பூட்டு. மாடு வராமல் இருக்கத்தான் பூட்டு என்று அவர் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார். ஆனால் ஐந்து வருடமாக வேறு எவருடைய வெட்டு மெசினும் அந்தப் படலையைத் தாண்டியதில்லை. பின்பக்கத்துக் காணிக்காரர் ஆறு பேரும் ஒவ்வொரு போகமும் நடராசாவின் மெசினுக்குத்தான் கூலி கொடுத்துக் காத்துக்கிடப்பார்கள்.

"ஓம் அண்ணை, விடுங்கோ," என்றான் சுகிர்தன். "இருட்டுறதுக்கு முதல் வெட்டி முடிச்சிடலாம்."

வரம்பில் நின்றவர்கள் எல்லோரும் நடராசாவைப் பார்த்தார்கள். அவர் சாரத்து மடியிலிருந்து திறப்பு வளையத்தை வெளியே எடுத்தார். மெசின் திறப்பும் படலைத் திறப்பும் அதில் ஒன்றாகத் தொங்கின. மீனம்மா கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

நடராசா வளையத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பவும் மடியில் செருகிக்கொண்டார்.

"வேற மெசின் வந்தா பாதை உடைஞ்சுபோயிடும் மீனம்மா. அதாலதான் பூட்டி வைச்சிருக்கிறன்," என்றார், மிகவும் பணிவாக. "எல்லாம் உங்கட நன்மைக்குத்தான். மூண்டு நாள்தானே, கொஞ்சம் பொறுங்கோ."