நூற்றெட்டாவது தேங்காய்

ஓட்டுச் சில்லொன்று பறந்துவந்து தலைக்கவசத்தில் மோதித் தெறித்தது. ஜெகதீஸ்வரி குனிந்த நிலையிலிருந்து அசையவில்லை. காலடியில் சிதறிய தேங்காயை வாரிச் சாக்கில் போட்டாள்.

தைப்பூசத் தேர் பினாங்கின் டத்தோ கெராமட் சாலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதன் வரவுக்காகச் சாலையின் இருமருங்கிலும் தேங்காய்கள் குவியல் குவியலாய் உடைந்துகொண்டிருந்தன. தேர் கடந்ததும் அத்தனையையும் லாரியில் அள்ளிக் குப்பைக்குக் கொண்டுபோவார்கள்.

ஜெகதீஸ்வரி, ஷேரன், வனேசா: மூன்று பெண்கள், மூன்று மோட்டார் சைக்கிள் தலைக்கவசங்கள், பதினோரு அரிசிச் சாக்குகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மூவருக்கும் வேலை. அடுக்குமாடியில் ஒரே வீடு. ஓராண்டில் கோடீஸ்வரிகளாகிவிடுவது என்று ஒரே சபதம்.

முதலில் செய்து விற்ற, நாய்களுக்கான பிறந்தநாள் கேக்கை நாய்களே சீந்தவில்லை. குப்பைமேனிச் சோப்பு, ஷேரனின் கன்னங்களைப் பழுத்த தக்காளியாக்கிவிட்டு ஓய்ந்தது. இப்போது கூந்தல் எண்ணெய். ஒரு சொட்டுப் பிழிவதற்கு முன்பே, மூவர் முகமும் பொறித்த மூவாயிரம் ஒட்டுத்தாள்களை வனேசா அச்சடித்து வாங்கிவிட்டிருந்தாள்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். குப்பைக்குப் போகும் தேங்காயிலிருந்து தங்கள் வாழ்வைத் தாங்களே பிழிந்தெடுக்கத் துணிந்தவர்கள் இந்த ஊரில் வேறு யார்?

ஷேரன் ஜெகதீஸ்வரியின் தலைக்கவசத்தோடு தன் தலைக்கவசத்தை ஒட்டிவைத்துக் கத்தினாள். "ஏய், அந்தப் பக்கம் ஆளே இல்லலா! இங்க நின்னா மண்டதான் ஒடையும். வா!"

ஜெகதீஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். இந்தக் குவியலை விட்டு அவள் நகர்வதாயில்லை.

குவியலுக்கு முன்னால் மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் நின்றார். ஒவ்வொரு தேங்காயையும் நெற்றியில் ஒற்றி, எண்ணிக்கையை உரக்கச் சொல்லி, ஓங்கி அறைந்தார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. தோள் தளர்ந்தபோதும் கை ஓயவில்லை.

நூற்றைந்தில் அவர் நிறுத்தினார்.

"வேண்டுதல் தேங்காய்மா இது. வீட்ட விட்டுப் போன எம் பொண்ணு திரும்பி வரணும்னு ஒடைக்கிறேன். இதப் போயி பொறுக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வனேசா சாக்கைக் கீழே நழுவவிட்டாள்.

ஜெகதீஸ்வரி தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியை முகம் மறைய இறக்கிவிட்டுக்கொண்டாள்.

வெட்கம்! அந்தச் சொல்லை அவள் நன்கு அறிவாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் தேநீர்த் தட்டு ஏந்த மறுத்த அன்று கேட்ட சொல். துணிப்பையோடு பினாங்குப் பேருந்தில் ஏறிய அன்று முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல். தெருவில் பொறுக்கித்தான் தின்னப்போகிறாய் என்ற சாபமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆம், தெருவில்தான் நிற்கிறாள். பொறுக்கத்தான் செய்கிறாள். அவள் திருடினாளா? எவர் வாசலிலாவது கையேந்தினாளா? எறிகிற கைக்கு மட்டும் புண்ணியம், எடுக்கிற கைக்கு இழிவு என்று எந்தச் சாமி எழுதிக் கொடுத்தது? சிதறிய காய், குனிகிறவருக்கு உரியது.

அவள் குனிந்தாள்.

நூற்றாறு. வாரினாள்.

நூற்றேழு. அதையும் வாரினாள். சில் ஒன்று விரலைக் கிழித்தது. இரத்தத்தைச் சாக்கிலேயே துடைத்துக்கொண்டாள்.

உறுமி மேளம் நெருங்கியது. தேரின் உச்சி சாலைத் திருப்பத்தில் தெரிந்தது. "நூத்தெட்டு!" என்று கூவியபடி, கடைசித் தேங்காயை அவர் தலைக்கு மேல் உயர்த்தினார்.

ஜெகதீஸ்வரி நிமிர்ந்தாள். தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

உயர்ந்த கை உயர்ந்தபடியே நின்றது.

"ஒடைங்க, அப்பா," என்றாள் அவள், சாக்கின் வாயை அகல விரித்துப் பிடித்தபடி. "இந்த ஒண்ணோட சாக்கு நெறஞ்சிரும்."