பதினான்காவது சோதனை

“அடிக்கலைங்க” என்று கீழேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். மொட்டை மாடியில் கைபேசியோடு நின்றிருந்த நான், நோட்டில் ‘சோதனை 9, காலை 10.40, இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

நோயாளி கூடத்து மேசையில் மூடி கழற்றப்பட்டு, குடல் வெளியே தெரியக் கிடந்தது. எண்களைச் சுழற்றிக் கூப்பிடும் அந்தக் காலத்துக் கறுப்புத் தொலைபேசி, அப்பா வைத்திருந்தது. உள்ளே இருக்கும் நாக்கை விரலால் தட்டினால் இரண்டு பித்தளைக் கிண்ணங்களும் கணீரென்று ஒலிக்கும். யாராவது கூப்பிட்டால் மட்டும் ஊமை.

பாகப்பிரிவினையில் அப்பா இருந்த வீடும் அதிலிருந்த சகலமும் அண்ணனுக்குப் போயின. எனக்கு வேறு மனை. அதோடு இந்தத் தொலைபேசியையும் கேட்டேன்.

“எடுத்துக்கோ. காட்சிக்குத்தான் ஆகும். மணி அடிக்காது, ரெண்டு மெக்கானிக் பார்த்தாச்சு” என்றார் அண்ணன். சொந்தக்காரர்கள் முன்னால் அப்படிச் சொன்னதில் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“இதை அடிக்க வெச்சுட்டுத்தான் உங்ககிட்ட அடுத்த வார்த்தை பேசுவேன்” என்று சொல்லிவிட்டு, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது நடந்து ஆறு வருடம். வீராப்புப் பேச அரை நிமிடம் போதும், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. அடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அலமாரியின் மேல்தட்டிலேயே விட்டுவைத்திருந்தேன். இடையில் இரண்டு கல்யாணங்களில் அண்ணனைப் பார்த்தேன். இருவருமே மணமக்களை விட்டுவிட்டு மின்விசிறியை ரசித்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஓய்வு பெற்றதில், நேரமில்லை என்ற சாக்கும் போயிற்று. உண்மையைச் சொன்னால், அண்ணனோடு பேசாமல் இனிமேல் முடியாது என்ற நிலைக்கும் வந்துவிட்டேன். ஆனால் மணி அடித்தாக வேண்டுமே.

முப்பத்து நான்கு வருடம் கடிதப் பிரிவில் இருந்தவன், எதையும் முறைப்படிதான் செய்வேன். இந்த வீட்டில் இன்டர்நெட்டோடு ஒரு தொலைபேசி இணைப்பும் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் கூப்பிட்டதில்லை. அதில் கருவியைப் பொருத்தி, பக்கத்தில் மனைவியை உட்காரவைத்தேன். கைபேசிச் சத்தம் குழப்பிவிடக் கூடாதென்று நான் மாடிக்குப் போய்விடுவேன். முதல் கைபேசி வாங்கிய அன்று பதிந்த ‘வீடு’ என்ற பெயரை அழுத்துவேன். என் காதில் சரியாக ஆறு முறை மணி போனதும் துண்டித்துவிடுவேன். ஆறுக்குள் எடுக்காத ஆள் இருக்கையில் இல்லை என்பது என் அலுவலக அனுபவம்.

பத்தாவது சோதனைக்கு முன் கிண்ணங்களைத் திருகி நாக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். பதினொன்றுக்கு முன் ஒயர்களை இடம் மாற்றினேன். அப்புறம் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவரைக் கைபேசியில் பிடித்து, அரை மணி நேரம் அவர் உயிரை வாங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கருவியில் கோளாறே இல்லை போலிருக்கிறதே என்றார். தொழில் தெரியாதவர் என்று முடிவு கட்டினேன்.

மனைவி, மடித்த துணிகளைப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஊமைப் பெட்டிக்குக் காவல் இருப்பவள் வேறென்ன செய்வாள்?

“பேசாம உங்க அண்ணனுக்கே ஒரு போன் போட்டிருந்தா, இந்நேரம் பேசி முடிச்சிருக்கலாம்” என்றாள்.

சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது என்றேன். சொன்ன சொல் மேசை முழுக்கத் திருகாணிகளாகச் சிதறிக் கிடப்பதை அவள் ஒருமுறை பார்த்தாள்.

பதினான்காவது சோதனை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து ஆறில் துண்டித்தேன். கீழேயிருந்து பதிலே இல்லை. ‘அடிக்கலை’ என்று சொல்லவும் அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது.

நோட்டில் கோடு போட்டு, ‘முடிவு: அண்ணன் சொன்னது சரி’ என்று எழுதினேன். எத்தனையோ கடிதம் எழுதிய கை, அந்த ஒரு வரியை எழுத அடம்பிடித்தது.

கீழே வந்து, ஒவ்வொரு திருகாணியாகத் தேடி மூடியைப் பொருத்தவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசித் திருகாணியை முடுக்கும்போது மணி அடித்தது.

பாய்ந்து ரிசீவரை எடுத்து “ஹலோ” என்றேன். மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டு, அது வாசல் மணி என்று சொல்லிக் கதவைத் திறக்கப் போனாள்.

வாசலில் அண்ணன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார். என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பேச வாயைத் திறந்தேன். சபதம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். ரிசீவர் இன்னும் கையில்தான் இருந்தது.

“காலைலேர்ந்து பதினாலு தடவை நம்ம அப்பா வீட்டு போன்ல உன் நம்பர். திருப்பிக் கூப்பிட்டா பிஸி. உன் அண்ணியும் வீட்ல இல்ல” என்றார் அண்ணன். அப்புறம் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“நான் எழுந்து வர்றதுக்குள்ள வெச்சிடறியேடா.”