கொலைகாரப் புழு

"யார் பண்ணின வேலை இது?"

வீட்டுக்காரம்மா பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் மஞ்சள் மீன் மல்லாந்து கிடந்தது. மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

கேள்வி பொதுவாகக் கேட்டதுதான். ஆனால் கூடத்தில் இருந்தது வீட்டுவேலைக்கு வருகிற அவள் ஒருத்திதான்.

பதிலும் அவளுக்குத் தெரியும். காலையில் வேக்குவம் க்ளீனர் போட இடமில்லாமல், மீன்களுக்குக் காற்று தருகிற தொட்டி மோட்டாரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். கூடத்தைச் சுத்தம் செய்தாள், மெஷினை மடித்து வைத்தாள். மோட்டாரை மறந்தே போனாள். மூன்று மணி நேரம் கழித்து, கூடம் என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தோன்றியபோதுதான் உறைத்தது. ஓடிப்போய், கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு துளையில் ப்ளக்கைச் செருகினாள். தண்ணீர் ஓட ஆரம்பித்தது. மஞ்சள் மீன் எழுந்திருக்கவில்லை.

அந்த மீன் அந்தம்மாவின் செல்லம். தண்ணீரில் விரலை விட்டால் வந்து உரசும். கோபம் வராமல் என்ன செய்யும்?

போன மாதம் அவள் கை இஸ்திரிப் பெட்டி பட்டு ஒரு திரைச்சீலை கருகியபோதே தீர்ப்பு ஆகியிருந்தது. இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வீட்டில் அந்தம்மா சொன்னால் சொன்னதுதான். அவளுக்கோ, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர இரண்டரைக்கு விடுகிற வீடு இது ஒன்றுதான். மற்ற இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து சார் இறங்கி வந்தார். கட்டட வரைபடம் போடுகிறவர். ஒரு கோடு கோணலானால் தாளையே கிழித்துப் போடுகிற ஆள். தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். ப்ளக்குகள் எல்லாம் அங்கேதான்; எது எந்தத் துளையில் என்று வரிசைப்படுத்தி வைத்தவரும் அவர்தான்.

எழுந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது. "காரணம் தெரியாம விடமாட்டேன். தொட்டிக்காரரைக் கூப்பிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

எவரோ வந்து கண்டுபிடித்துச் சொல்வதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். சார் திரும்பி வந்ததும் ஆரம்பித்தாள்.

"அம்மா, காலையில நான்தான்..."

"நீ வாயை மூடு" என்றார் சார். "தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்காதே. போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

ஐந்து வருஷத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. அழுகையை அடக்கிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். மீனுக்காக இப்படித் துடிக்கிறவர், மனுஷி பேச வந்தால் காது கொடுக்க மாட்டாரா? மனுஷன் இவ்வளவுதானா என்று இருந்தது.

அரைமணியில் தொட்டிக்காரர் வந்தார். மாதம் ஒரு முறை தொட்டியைச் சுத்தம் செய்ய வருகிறவர்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பாறை இடுக்குகளில் டார்ச் அடித்து, இடுக்கியால் துழாவினார். அவள் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

கை வெளியே வந்தபோது இடுக்கியில் ஒரு புழு நெளிந்தது. விரல் நீளம் இருக்கும். வீட்டுக்காரம்மா நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"இதுல ரெண்டு ஜாதி உண்டும்மா" என்றார் தொட்டிக்காரர். "ஓரமெல்லாம் வெள்ளை முள்ளா இருந்தா சாது. மிச்சம் மீதி, செத்தது, அதைத் தின்னுட்டுக் கிடக்கும். தலையில அஞ்சு கொம்பும் கத்திரி மாதிரி வாயும் இருந்தா, அது கொலைகாரன்."

"இது எது?"

"கொலைகாரன்தான்."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "அதேதான்" என்றார்.

இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று அந்தம்மா கேட்டார். பாறையோடு வந்து ஒளிந்திருக்கும் என்று பதில் வந்தது. அவ்வளவுதான், கோபம் சார் பக்கம் திரும்பியது. பாறையை வாங்கி வந்தது யார், பார்த்து வாங்க வேண்டாமா என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். சார் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் அந்தம்மா அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தொட்டிக்காரர் புழுவைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு கிளம்பினார். குப்பை கொட்டுகிற சாக்கில் அவளும் பின்னாலேயே படியிறங்கினாள். கீழே வெளிச்சத்தில் பாட்டிலை உற்றுப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெள்ளை முள். கொம்பைக் காணோம்.

"அண்ணே, இது சாதுதானே?"

"ஆமா. இது ஒரு பாவமும் அறியாது."

"மோட்டாரை நிறுத்தினது நான்தான். சத்தியமா மறந்துட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சார்கிட்டப் பொய் சொன்னீங்க? அவருக்குத் தெரிஞ்சா உங்களையும் சும்மா விடமாட்டாரே."

தொட்டிக்காரர் மூடியை இறுக்கி, பாட்டிலைப் பையில் பத்திரமாக வைத்தார்.

"சார்கிட்ட நான் எங்கேம்மா பொய் சொன்னேன்? அவர் போன்ல சொல்லிக்கொடுத்ததை அந்தம்மாகிட்டச் சொன்னேன். உங்க தொட்டியில தேடி ஒண்ணும் சிக்கலைன்னா என்ன பண்றதுன்னு, என் வீட்டுத் தொட்டியில இருந்தே ஒரு புழுவைப் பிடிச்சுட்டு வரச் சொன்னதும் அவர்தான்."